காலி என்று காட்டிய டிஸ்க்

"உள்ள ஒண்ணுமே இல்லைங்குதும்மா," என்றார் சடகோபன்.

மாடிப்படி ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கணினிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எது சொல்லுது, சார்?"

"ஸ்கிரீன்தான்."

"அதுக்கு என்ன தெரியும்? கீழ வைங்க," என்றாள் மெஹருன்னிசா.

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தோரு வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. மாற்றிப் படித்துவிட வேண்டாம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் மெஹரு கணினி பழுதுபார்க்கிறாள். சடகோபன் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தே பழகியவர். தெரியாது என்று சொல்ல அவருக்கு லேசில் வாய் வராது.

அன்று வந்தது. காரணம், அந்தப் பெட்டிக்குள் நூற்று நாற்பத்தாறு பாடங்கள் இருந்தன. பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் சைகை மொழியில், கேமரா முன்னால் நின்று, ஒரு வருடமாக அவரே பிடித்த வீடியோக்கள். பதினொரு பிள்ளைகள் அதை நம்பி இருந்தார்கள். பரீட்சைக்குப் பத்தொன்பது நாள்தான் பாக்கி.

"நகல் எடுத்து வைக்கலையா, சார்?"

"எடுக்கணும்னு இருந்தேன்."

மெஹரு அதற்குமேல் கேட்கவில்லை. இந்தப் பதிலை அவள் வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறாள்.

நடந்தது இதுதான். ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பிறகு கணினி எழுந்திருக்கவே இல்லை. மறுபடி ஓஎஸ் போடலாம் என்று பென்டிரைவைச் செருகினால், போட இடமே இல்லை என்கிறதாம்.

"விட்டுட்டுப் போங்க, சார். திங்கக்கிழமை வாங்கிக்கலாம்."

"அது நடக்காது."

"ஏன்?"

"போன தடவை ஒருத்தன்கிட்ட விட்டேன். பளபளன்னு திருப்பிக் கொடுத்தான். உள்ளயும் பளபளன்னு துடைச்சு வச்சிருந்தான். இனிமே என் பெட்டியில அடுத்தவங்க கை படாது. நீ சொல்லு, நான் செய்றேன். எனக்குக் கத்துக்கொடு."

மெஹரு அவரை ஒரு தடவை பார்த்தாள். மூக்குக்கண்ணாடி பாதி மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. அதை ஒற்றை விரலால் மேலே தள்ளினார். அது உடனே இறங்கத் தொடங்கியது.

"சரி. ஆனா ஒண்ணு," என்று மேசைமேல் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்தாள். "ஸ்கிரீன் என்ன சொல்லுதோ, அதை இதுல எழுதணும். எழுதாம ஒரு பட்டனையும் அமுக்கக்கூடாது."

"நான் பசங்களுக்கு இம்போசிஷன் கொடுக்கிறவன்மா."

"எழுதுங்க, சார்."

சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கற்றுக்கொடுக்கும்போது அவள் அப்படித்தான் நிற்பாள். கற்றுக்கொள்பவர் தொட்ட விசைப்பலகையை அவள் தொடமாட்டாள்.

சடகோபன் கணினியைப் போட்டார். பென்டிரைவிலிருந்து, ஓஎஸ் போடுகிற இன்ஸ்டாலர் ஓடியது. மொழி கேட்டது, சொன்னார். சம்மதமா என்று கேட்டது, சம்மதம் என்றார். எந்த டிஸ்கில் போடட்டும் என்று கேட்கிற இடம் வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது.

அவர் நோட்டில் எழுதினார்: 'டிஸ்க் இல்லை.'

மெஹரு எட்டிப் பார்த்தாள்.

"அப்படியா சொல்லுது?"

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு இங்கிலீஷை மறுபடி படித்தார். "டிஸ்க் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லைங்குது. ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"அடிச்சுட்டு எழுதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துவிட்டு எழுதினார். கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதை அவர் காலையிலிருந்தே மடியில் கட்டிவைத்திருந்தார். அக்காள் மகன் போனில் சொன்ன வழி.

"பயாஸ்ல போய் ஒரு செட்டிங்கை மாத்தினா டிஸ்க் தெரியுமாம். செய்யட்டுமா?"

"நோட்டுல எழுதிட்டுச் செய்ங்க."

எழுதினார். கணினியை அணைத்துப் போட்டு, ஓஎஸ்ஸுக்கு முன்னாலேயே எழுகிற பயாஸுக்குள் போனார். ரெய்டு என்று இருந்ததை வேறொன்றாக மாற்றினார். திரும்பி வந்தபோது பட்டியலில் இரண்டு டிஸ்குகள் உட்கார்ந்திருந்தன.

"பாத்தியா!" என்றார். ஐம்பத்தாறு வயது முகம் அப்படியே ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது.

முதல் டிஸ்கில் ஏதோ கன்னாபின்னா என்று ஒரு பிரிவு தெரிந்தது. இரண்டாவது, எதுவும் ஒதுக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

சடகோபன் அவசரக்காரர் இல்லை. நிதானமாக யோசித்தார். பாடங்கள் எல்லாம் முதல் டிஸ்கில்தான் இருக்கவேண்டும். அதைத் தொடவே கூடாது. இரண்டாவது சும்மாதானே கிடக்கிறது, ஓஎஸ்ஸை அதில் போட்டுவிட்டால் யாருக்கும் சேதமில்லை. இதைவிட ஜாக்கிரதையாக ஒரு மனிதன் யோசிக்க முடியாது.

இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்தெடுத்தார். மவுஸ் 'நெக்ஸ்ட்' பட்டனுக்குப் போயிற்று.

"நோட்டு," என்றாள் மெஹரு.

முனகிக்கொண்டே எழுதினார்: 'இரண்டாவது டிஸ்க் காலி.'

மெஹரு இன்னொரு நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க முதல் பாடத்தோட பேரு என்ன, சார்?"

"வட்டம் என்றால் என்ன."

"எழுதுங்க. முதல் எழுத்து இந்த நோட்டுல. ரெண்டாவது எழுத்து அந்த நோட்டுல. மூணாவது மறுபடி இதுல."

"இப்ப எதுக்கு இது?"

பதில் வரவில்லை. வாத்தியார்களுக்கு இந்த மௌனம் தெரியும், அவர்களே அதைப் பயன்படுத்துகிறவர்கள். எழுதினார்.

மெஹரு இரண்டாவது நோட்டை மட்டும் எடுத்து உரக்கப் படித்தாள்.

"ட், ம், ன், ல், ன்." நிமிர்ந்தாள். "யாருக்கு, சார், இருமல்?"

அவர் சிரிக்கவில்லை.

"வெறும் புள்ளி வச்ச எழுத்து. ஒண்ணும் புரியலை. இந்த நோட்டு காலிதானே? பழைய பேப்பர்காரர் கீழதான் நிக்கிறார், போட்டுடவா?"

அவள் நோட்டைக் கிழிக்கப் போனாள்.

"ஏய், கிழிக்காதே! அது போச்சுன்னா அப்புறம் இந்த நோட்டுல இருக்கறதை வச்சு என்ன..."

நிறுத்தினார். திரையைப் பார்த்தார். சூடான தோசைக்கல்லில் வைத்துவிட்டதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப அந்தக் காலி டிஸ்குல..."

"உங்க நூத்தி நாப்பத்தாறு பாடத்துலயும் பாதி இருக்கு," என்றாள் மெஹரு. "ரெய்டுன்னா அதுதான். ரெண்டு டிஸ்கையும் ஜோடி போட்டு, துண்டு துண்டா மாத்தி மாத்தி எழுதி வச்சிருக்கு. யார் இப்படிப் போட்டது?"

"வித்தவன். வீடியோ வேலைக்கு வேகமா இருக்கும்னான்."

"வேகமாத்தான் இருந்திருக்கும்."

ஒரே ஒரு தட்டு. அவ்வளவு ஜாக்கிரதையாக யோசித்து, அவ்வளவு ஜாக்கிரதையாக அழித்திருப்பார். சடகோபன் தண்ணீர் கேட்டார். குடித்தார். பயாஸுக்குள் போய், மாற்றியதை மறுபடி ரெய்டுக்கே மாற்றினார்.

திரும்பி வந்தால் பழைய கதை. கண்டுபிடிக்க முடியவில்லை.

சொல்லாமலே எழுதிக்கொண்டார்.

"இருக்குன்னு எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரிய மாட்டேங்குது. இப்ப என்னம்மா பண்றது?"

"அதுமேல கோவிச்சு என்ன ஆகப்போகுது? ஜோடி போட்ட டிஸ்கோட பேச இந்த இன்ஸ்டாலருக்குத் தெரியாது. பேசத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வந்து நடுவுல உக்கார வைக்கணும்."

"அதுதான் டிரைவரா?"

"அதுதான்."

கடையிலிருந்த வேறொரு கணினியில் உட்கார்ந்து சடகோபனே தேடினார். டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார். இன்ஸ்டாலரில் டிரைவர் ஏற்றுகிற இடத்தில் அதைக் காட்டினார்.

எதுவும் நடக்கவில்லை. எழுதினார்: 'டிரைவர் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.'

"இதையுமா?" என்றார், நொந்துபோய்.

மெஹரு பென்டிரைவில் இருந்ததைப் பார்த்தாள். இறக்கிய ஒற்றைக் கோப்பு அப்படியே பொட்டலமாக இருந்தது.

"டிபன் கேரியரைத் திறக்காமலே இலையில வச்சா யார், சார், சாப்பிடுவாங்க?"

போய்ப் பிரித்துக்கொண்டு வந்தார். இந்த முறை உள்ளே கோப்புகள் தெரிந்தன. ஆனால் இந்தக் கணினிக்குப் பொருந்துகிற டிரைவர் எதுவும் அதில் இல்லை என்று வந்தது.

"இருக்கறதுலயே புதுசைத்தானே எடுத்தேன்? புதுசுதானேம்மா நல்லது?"

"உங்க போர்டு பேரு என்ன, சார்?"

தெரியவில்லை.

"போர்டைக் கேட்காம டிரைவர் எடுத்திருக்கீங்க."

அவள் ஒரு திருப்புளியை மேசைமேல் வைத்தாள். நான்கு வருடமாக வைத்திருக்கும் பெட்டியை சடகோபன் அன்றுதான் முதல்முறை திறந்தார். தூசி பறந்து இரண்டு தும்மல் போட்டார். செல்போன் விளக்கை அடித்து, கண்ணாடியை மேலே தள்ளித் தள்ளி, போர்டு என்கிற அந்தப் பச்சைப் பலகையில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்து நோட்டில் எழுதினார். பலகை அவர் நினைத்ததைவிடப் பழையது. அது பிறந்த பிறகு வந்த பலகைகளுக்கான டிரைவரை அதன்முன் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த எண்ணுக்கு உரியதைத் தேடி எடுத்தார். பிரித்தார். கொண்டுவந்தார். ஏற்றினார்.

திரை ஒரு நொடி யோசித்தது.

ஒரு டிஸ்க் வந்தது. இரண்டு இல்லை, ஒன்றே ஒன்று, இரண்டின் அளவுக்கும் சேர்த்து. அதற்குள் இரண்டு பிரிவுகள். இரண்டாவது பிரிவுக்குப் போன வருடம் அவரே வைத்த பெயர் அப்படியே இருந்தது: பாடம்.

சடகோபனுக்கு அழுகை வந்தது. வந்ததை அவர் மறைக்கவும் இல்லை.

"இப்ப முதல் பிரிவுல ஓஎஸ்ஸைப் போட்டுடலாம்ல?"

"இருக்குன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே அது மேல ஏறி உக்காரணுமா? முதல்ல உள்ள இருக்கறதை வெளிய எடுங்க."

பென்டிரைவிலிருந்தே ஓடுகிற ஒரு சின்ன சிஸ்டம் மெஹருவிடம் இருந்தது. அதில் கணினியை எழுப்பி, அதே டிரைவரை ஏற்றி, வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, பாடங்களை நகலெடுக்கத் தொடங்கினார்கள். ஐம்பது நிமிடம் ஆகும் என்று காட்டியது.

கீழேயிருந்து டீ வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத சடகோபன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"அது என்ன, சார்?"

"அட்மிஷன் ரிப்போர்ட். செவந்தின்னு ஒரு பொண்ணு. பதினோரு வயசு, நத்தம் பக்கம். பிறவியிலயே காது கேக்காது. இதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. செவ்வாக்கிழமை டெஸ்ட் வச்சேன்."

"எப்படிச் செஞ்சா?"

அவர் தாளைக் காட்டினார். பத்துக் கேள்விகள். பத்துக்கு நேராகவும் ஒரே கையெழுத்தில், 'பதில் இல்லை.' அடியில், 'ஆறாம் வகுப்பில் சேர்க்க இயலாது. தையல் பிரிவுக்கு அனுப்பலாம்.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை கமிட்டிக்குப் போகவேண்டும்.

"பத்துக்கும் ஒண்ணுமே சொல்லலையா?"

"கையை ஆட்டினா. அது சைகை மொழி இல்லைம்மா, வெறும் ஆட்டல். முப்பது வருஷமா பாக்கிறேன், எனக்குத் தெரியாதா? பாவம், உள்ள ஒண்ணுமே..."

கணினி ஒரு மணியோசை எழுப்பியது. நகல் முடிந்துவிட்டது. பேனாவை மூடாமலே வைத்துவிட்டு எழுந்தார்.

"முடிஞ்சதுன்னு அது சொல்றதை அப்படியே நம்பாதீங்க, சார். முதல்ல இருக்கறதையும் கடைசியில இருக்கறதையும் ஓட்டிப் பாருங்க."

முதல் வீடியோவைத் திறந்தார். அதில் சடகோபன் நின்றார், ஒரு வருடம் இளையவராக, காற்றில் பெரிய வட்டம் போட்டபடி. நன்றாக ஓடியது.

கடைசி வீடியோவைத் திறந்தார். அது பாடம் இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த டெஸ்ட். மேசைக்கு இந்தப் பக்கம் அவர் முதுகு. அந்தப் பக்கம், எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்.

"இவதானா?"

"இவதான்."

வீடியோவில் சடகோபன் மழை பெய்கிற படத்தைக் காட்டினார். செவந்தி இரண்டு கைகளாலும் எதையோ பிடித்து இழுத்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு குனிந்தாள். வீடியோவில் அவர் தலையைக் குனிந்து தாளில் எழுதினார்.

"என்ன சொல்றா, சார்?"

"ஒண்ணுமில்லை. பயந்துபோய்த் தலையை மறைச்சுக்கிறா."

மெஹரு திரைக்கு அருகில் போனாள்.

"பின்னாடி ஜன்னல்ல யாரு?"

சடகோபன் பார்த்தார். செவந்திக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஒரு முகம் இருந்தது. அதை அவர் இதுவரை கவனித்ததில்லை.

"அவ அம்மா. ஆடு மேய்க்கிறவங்க. டெஸ்ட் நடக்கும்போது வீட்டாளுங்க உள்ள இருக்கக்கூடாது, எடுத்துக் கொடுத்துடுவாங்க. நான்தான் வெளிய உக்காரச் சொன்னேன்."

"தலையை ஆட்டுறாங்களே."

ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவர் ஒவ்வொரு படமாகக் காட்டக் காட்ட, செவந்தியின் கைகள் ஒவ்வொரு விதமாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஜன்னலில் அந்த முகம், சரி, சரி என்று ஆடியது. ஒவ்வொன்றுக்கும் வீடியோவில் சடகோபன் குனிந்து எழுதினார்.

பத்தாவது கேள்வி. வீடியோவில் அவர் தன்னையே சுட்டிக்காட்டி, நான் யார் என்று கேட்டார். வாத்தியார் என்பதற்கு உரிய சைகையை அவள் செய்ய வேண்டும்.

செவந்தி அவரை நன்றாகப் பார்த்தாள். ஒற்றை விரலை மூக்கின் நடுவில் வைத்து மேலே தள்ளினாள். கையை எடுத்தாள். மறுபடி தள்ளினாள்.

ஜன்னலில் அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அந்தம்மா ஏன், சார், சிரிக்கிறாங்க?"

"தெரியலையே. இவ மூக்கைச் சொறிஞ்சதுக்கு..." என்று சொல்லிக்கொண்டே சடகோபன், இறங்கியிருந்த கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார்.

மெஹரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் மூக்கிலேயே நின்றுவிட்டது.

பிறகு வீடியோவை முதலுக்கு ஓட்டினார். மழைப் படம். செவந்தி இழுத்துக் கவிழ்த்துக்கொண்டு குனிந்தாள்.

"சாக்கு," என்றார் மெதுவாக. "மழைக்குச் சாக்கை மடிச்சுத் தலையில போடுறா. ஆடு மேய்க்கிறவங்க போடுவாங்களே."

இரண்டாவது படம் புரியவில்லை. மூன்றாவதும் புரியவில்லை. ஜன்னலில் இருந்தவளுக்குப் புரிந்தது.

சடகோபன் மேசைக்கு வந்தார். மூடாமல் வைத்த பேனாவை எடுத்து, பத்து இடத்திலும் 'பதில் இல்லை' என்பதை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் மேலே, அன்று காலையிலிருந்து நோட்டில் எழுதி எழுதிப் பழகிய இரண்டு வார்த்தைகளை எழுதினார்: 'கண்டுபிடிக்க முடியவில்லை.' அடியில் இருந்த வரியையும் அடித்தார். கையெழுத்துப் போடாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நத்தம் பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"நாலே காலுக்கு ஒண்ணு இருக்கு."

மணி நாலு. அவர் பையை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

"சார், ஓஎஸ் இன்னும் போடலையே! பெட்டி வேற திறந்து கிடக்கு. நெக்ஸ்ட்டை நீங்கதானே அமுக்கணும்?"

"நீயே அமுக்கிக்கம்மா," என்று படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.